மீனின் காதுக்கல்லில் பதிந்திருக்கும் முகவரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கத்தாழை மீனின் தலையை விரும்பிச் சாப்பிடுபவர்களுக்குப் பல்லில் கல் கடிபட்ட அனுபவம் இருக்கும். வெள்ளையாக, ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் மேடுபள்ளமாகவும் இருக்கும் அந்தக் கல்லைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்கிறோம். அந்த மீன் எந்த நீரில் பிறந்தது, எங்கெங்கே தங்கியது, எந்த வயதில் இடம் மாறியது என்பதெல்லாம் அதற்குள்ளேதான் இருக்கிறது. அதை எப்படிப் படிக்கிறார்கள், படித்ததில் என்ன தெரிந்தது, எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

தலைக்குள் இருப்பது எலும்பா, கல்லா?

கல்தான். "காது எலும்பு" என்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் எலும்பு உயிருள்ள திசு. அது கால்சியம் பாஸ்பேட்டால் ஆனது. அதில் ரத்தம் ஓடும். உடலுக்குக் கால்சியம் தேவைப்பட்டால் எலும்பிலிருந்து கரைத்து எடுத்துக்கொள்ளும். காதுக்கல் அப்படியல்ல. கால்சியம் கார்பனேட் அரகோனைட் என்ற படிகமாகப் படிந்து உருவானது அது. இடையே மிகச் சிறிதளவு புரதம் உண்டு. முத்தும் இதே அரகோனைட்தான்.

மீனுக்கு வெளிக்காது கிடையாது. மண்டையோட்டுக்குள் இருக்கும் உள்காதில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு கற்கள் உண்டு. மீனின் உடலும் நீரும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி என்பதால், ஒலி வரும்போது உடல் நீரோடு சேர்ந்து அசைகிறது. கனமான கல் மட்டும் சற்றுப் பின்தங்குகிறது. அந்தச் சிறு வேறுபாடு கல்லுக்கு அடியில் இருக்கும் நுண்மயிர்களை வளைக்க, மீன் கேட்கிறது. மேல் எது, கீழ் எது என்று மீன் உணர்வதும் இந்தக் கற்களால்தான். சுறாவிலும் திருக்கையிலும் இப்படிக் கெட்டியான கற்கள் இல்லை, நுண்மணிகள்தான் உண்டு. ஆகவே இனிச் சொல்லப்போவது எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது.

ஒரு கல் எப்படி நாட்குறிப்பு ஆகிறது?

முட்டைக்குள் கரு இருக்கும்போதே கல்லின் மையம் உருவாகிவிடுகிறது. அதன்பின் ஒவ்வொரு நாளும் ஒரு மெல்லிய அடுக்கு மேலே படிகிறது. மரத்தின் ஆண்டு வளையங்களைப் பார்த்திருப்பீர்கள். இங்கே ஆண்டு வளையத்துக்குள் நாள் வளையமும் உண்டு. ஆண்டு வளையங்களை எண்ணி வயது சொல்லும் வழக்கம் 1899இலேயே ஜெர்மானியரான யோஹானஸ் ரைபிஷ் தட்டை மீன்களில் செய்த வேலையோடு தொடங்கிவிட்டது. நாள் வளையங்கள் கண்ணில் படுவதற்கு 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜியார்ஜியோ பனெல்லா அவற்றை எடுத்துக்காட்டினார்.

அதைவிட முக்கியமான பண்பு ஒன்று உண்டு. படிந்த அடுக்கை மீனின் உடல் மீண்டும் கரைப்பதில்லை. பட்டினி கிடந்தாலும் எலும்பையும் செதிலையும்தான் அரித்துத் தின்னும், கல்லைத் தொடாது. செதில் உதிர்ந்து புதிதாக முளைத்தால் பழைய கதை போய்விடும். கல்லில் எழுதியது அழியாது.

நீரின் அடையாளம் கல்லுக்குள் எப்படிப் போகிறது?

மீன் செவுளால் மூச்சு விடும்போது நீரில் கரைந்திருக்கும் தாதுக்களும் ரத்தத்துக்குள் வருகின்றன. அங்கிருந்து உள்காதின் திரவத்துக்கு, அதிலிருந்து கல்லுக்கு. கல்லுக்கு வேண்டியது கால்சியம். ஆனால் ஸ்ட்ரான்சியமும் பேரியமும் தனிம அட்டவணையில் கால்சியத்துக்கு நேர் கீழே, அதே குடும்பத்தில் இருப்பவை. படிகம் வளரும்போது கால்சியத்தின் இடத்தில் இவை ஆங்காங்கே அமர்ந்துகொள்கின்றன.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஸ்ட்ரான்சியம் இருக்கிறது. பெரும்பாலான ஆறுகளில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பேரியம் இதற்கு நேர்மாறு: ஆற்றில் கூடுதல், கடலில் குறைவு. நடுவே ஒரு திருப்பமும் உண்டு. ஆறு அடித்துவரும் களிமண் துகள்களில் பேரியம் ஒட்டியிருக்கும். முகத்துவாரத்தில் உப்பு பட்டதும் அது விடுபட்டு நீரில் கலக்கிறது. ஆகவே கல்லில் ஸ்ட்ரான்சியம் ஏறத் தொடங்கும் இடத்தில் பேரியமும் எகிறினால், அந்த மீன் அப்போது கழிமுகத்தில் இருந்திருக்கக்கூடும் என்று தேடத் தொடங்கலாம்.

எல்லாத் தனிமங்களும் இப்படி உண்மை பேசுவதில்லை. சோடியம், பொட்டாசியம், துத்தநாகம் போன்றவற்றின் அளவை மீனின் உடலே கட்டுப்படுத்துகிறது. அவை கல்லில் கூடினாலும் குறைந்தாலும் அது மீனின் உடல்நிலையைக் காட்டலாம், நீரைக் காட்டாது.

கடலையும் ஆற்றையும் பிரிக்கலாம் சரி. ஓர் ஆற்றையும் இன்னோர் ஆற்றையும் எப்படிப் பிரிப்பது?

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஸ்ட்ரான்சியத்தில் 87 என்றும் 86 என்றும் எடை வேறுபட்ட இரு வகைகள் உண்டு. ருபீடியம் என்ற தனிமம் மிக மெதுவாகச் சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆக மாறுகிறது. நூறு கோடி ஆண்டுகளைக் கண்ட பழைய கருங்கல்லில் ருபீடியம் நிறைய இருந்தது. காலம் ஆக ஆக ஸ்ட்ரான்சியம்-87 அதில் சேர்ந்துவிட்டது. நேற்று முளைத்த எரிமலைப் பாறையில் அது குறைவு. மழை பாறையைக் கரைக்கிறது, ஓடை அதை ஆற்றுக்குக் கொண்டுவருகிறது, மீன் அதைக் கல்லில் ஏற்றிக்கொள்கிறது. ஆக, 87க்கும் 86க்கும் உள்ள விகிதம், அந்த ஓடை எந்தப் பாறை மேல் ஓடியது என்பதைக் காட்டுகிறது. மீன் எதைத் தின்றது, எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதெல்லாம் இந்த விகிதத்தைப் பெரிதாக அசைப்பதில்லை.

கடல்கள் ஒன்றோடொன்று கலந்துகொண்டே இருப்பதால் உலகின் எந்தக் கடலிலும் இந்த விகிதம் ஒன்றுதான்: 0.7092. கடலுக்கு ஒரே முகவரி, ஆறுகளுக்குத் தனித்தனி முகவரிகள். இதன் மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது: ஒரே பாறை மேல் ஓடும் இரண்டு ஓடைகளை இந்த முறையால் பிரிக்க முடியாது.

ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள்?

கத்தி, பிளாஸ்டிக் இடுக்கி, சுத்தமான நீர். தொடக்கம் இவ்வளவுதான். உலோக இடுக்கி பட்டால் அந்த உலோகமே அளவீட்டில் தெரியும் என்பதால்தான் பிளாஸ்டிக். மண்டையின் மேல்பகுதியைச் சீவி எடுத்தால் மூளைக்குப் பின்புறமாக, அதற்குச் சற்றுக் கீழே இரண்டு கற்கள் தெரியும். பெரும்பாலான மீன்களில் பெரிய கல் இதுதான். மீதி நான்கும் மணல் அளவு.

கல்லைக் கழுவி, ஒட்டியிருக்கும் சவ்வை நீக்கி, காயவைத்துப் பிசினில் பதிக்கிறார்கள். பிறகு வைரத்தூள் பதித்த தகட்டு ரம்பத்தால் மெல்லிய சீவலாக அறுத்து, நுண்ணிய உப்புத்தாளில் தேய்க்கிறார்கள். பொறுமை முழுவதும் இந்த இடத்தில்தான் வேண்டும். மையத்தை எட்டும் வரை தேய்க்க வேண்டும். மையத்தைத் தாண்டினால் மீனின் குழந்தைப் பருவமே போய்விடும், திரும்ப வராது. பத்துத் தேய்ப்புக்கு ஒருமுறை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். மங்கலாக இருந்த நடுப்பகுதி திடீரெனத் தெளிந்து, ஒரு கரும்புள்ளியும் அதைச் சுற்றி இழை இழையாக வளையங்களும் எழும்பி வரும் கணத்தில் கை தானாக நின்றுவிடும். ஒரு மீன் பிறந்த நாளைக் கண்ணால் பார்க்கிறோம்.

அடுத்தது லேசர். மையத்திலிருந்து விளிம்பு வரை ஒரு கோடு. லேசர் படும் புள்ளி பெரும்பாலும் 20 முதல் 50 மைக்ரான் அகலம். தலைமுடியின் தடிமன் அளவு. அங்கே ஆவியாகும் தூளை ஹீலியம் வாயு அள்ளிக்கொண்டு, பல்லாயிரம் டிகிரி வெப்பத்தில் எரியும் ஆர்கான் சுடருக்குள் கொண்டுபோகிறது. அணுக்கள் மின்னூட்டம் பெற்று, எடைவாரியாகப் பிரிந்து எண்ணப்படுகின்றன. கணினித் திரையில் ஒரு வரைகோடு இடமிருந்து வலமாக நகரும். இடது முனை பிறப்பு, வலது முனை பிடிபட்ட நாள்.

இதனால் உருப்படியாக என்ன தெரிந்தது? ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ ஆற்றைச் சொல்கிறேன். அங்கே குளிர்காலத்தில் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறும் சினூக் சால்மன் கூட்டம் ஒன்று உண்டு. ஏறுவது குளிர்காலத்தில் என்றாலும் முட்டையிடுவது கோடையில். கலிபோர்னியாவின் கோடைச் சூட்டில் முட்டை பிழைக்க வேண்டுமானால் ஊற்று நீரின் குளிர்ச்சி வேண்டும். மலையடிவாரத்தின் மேல் ஓடைகளில் அது இருந்தது. 1945இல் கட்டி முடிக்கப்பட்ட ஷாஸ்தா அணை அந்த ஓடைகளை மீன்களுக்கு மூடிவிட்டது. இன்று அந்தக் கூட்டம் அணைகளுக்குக் கீழே, ரெடிங் என்ற ஊரையொட்டிய ஆற்றுப்பகுதியில் முட்டையிடுகிறது. அணையின் அடியிலிருந்து திறந்துவிடும் குளிர்ந்த நீர்தான் அதன் உயிர். 1969இல் ஒரு லட்சத்துக்கும் மேல் திரும்பிவந்த மீன்கள் 1990களின் தொடக்கத்தில் சில நூறாகச் சுருங்கின. 1994இல் அமெரிக்க அரசு இதை அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவித்தது.

பாதுகாப்பு என்று வந்தபோது, கவனம் முட்டையிடும் இடத்தின் மேலும் கடலுக்குப் போகும் நேர்வழியான முதன்மை ஆற்றின் மேலும் குவிந்தது. அது இயல்புதான். குஞ்சுகள் பொரித்ததும் ஆற்றோடு இறங்கிக் கடலுக்குப் போகும் என்பதே எல்லோரும் நினைத்தது.

கோரி ஃபிலிஸும் அவருடன் பணியாற்றியவர்களும், முட்டையிட்டு இறந்துகிடந்த பெரிய மீன்களின் காதுக்கற்களை எடுத்து ஸ்ட்ரான்சியம் விகிதத்தைப் படித்தார்கள். முடிவு 2018இல் வெளியானது. உயிர் பிழைத்துத் திரும்பிய மீன்களில் 44 முதல் 65 விழுக்காடு வரை, குஞ்சாக இருந்தபோது பிறந்த ஆற்றை விட்டு வேறு நீரில் தங்கி வளர்ந்திருந்தன.

எப்படித் தெரியும்? லாசன் எரிமலையிலிருந்து இறங்கும் ஓடைகள் இளம் பாறை மேல் ஓடுபவை. அவற்றின் விகிதம் 0.704ஐ ஒட்டி இருக்கும். சியெரா நெவாடாவின் கருங்கல்லிலிருந்து வரும் அமெரிக்கன் ஆற்றின் விகிதம் 0.710ஐ நெருங்கும். முதன்மை ஆறு இரண்டுக்கும் இடையில். ஒரு கல்லில் கோடு இடைப்பட்ட எண்ணில் தொடங்கி, சரிந்து 0.704இல் சில வாரம் நின்று, பிறகு கடலின் 0.7092க்கு ஏறினால், விரல் நீளக் குஞ்சு ஒன்று தான் பிறக்காத ஓடைக்குள் திரும்பி நுழைந்து, அங்கே உடம்பு தேறி, அதன் பிறகே கடலுக்குப் போயிருக்கிறது. அமெரிக்கன் ஆறு கலப்பதோ, பிறந்த இடத்திலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் கீழே, சாக்ரமென்டோ நகரத்தின் அருகில். அந்த நீரிலும் குஞ்சுகள் தங்கியிருந்தன. இவை தங்கிய இடங்களில் பெரும்பாலானவை, அந்த இனத்துக்கு இன்றியமையாத வாழிடம் என்ற சட்டப் பட்டியலில் இல்லாதவை.

இதைப் படித்தபோது என்னை உலுக்கியது அந்தக் கடைசிச் செய்திதான். பிரசவ அறையை மட்டும் காவல் காத்துவிட்டு, குழந்தை வளர்ந்த தெருவைக் கைவிட்டிருக்கிறோம்.

குஞ்சுகளை வலைபோட்டுப் பிடித்தே இதைத் தெரிந்துகொண்டிருக்கலாமே?

ஒரு ஓடையில் குஞ்சு இருந்தது என்று வலை சொல்லும். அது பிழைத்ததா என்று சொல்லாது. ஆயிரம் குஞ்சுகள் ஒதுங்கிய குட்டை ஒன்று கோடையில் வற்றி, ஆயிரமும் செத்துப்போயிருக்கலாம். வலைக்கணக்கில் அது சிறந்த வாழிடமாகத் தெரியும். கடல் வரை போய், மூன்றாண்டு கழித்துத் திரும்பிவந்த மீனின் கல்லில் இருப்பது பிழைக்க வைத்த இடங்களின் வரிசை. காதுக்கல்லின் தனிச்சிறப்பு இதுதான். மற்ற எந்த முறையும் இதை இவ்வளவு நேராகத் தருவதில்லை.

செத்தவற்றின் கதை இதில் இல்லை என்பதும் உண்மை. அதனால்தான் கெட்டிக்கார ஆய்வுகள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கின்றன: எத்தனை குஞ்சுகள் எந்தப் பருவத்தில் ஆற்றை விட்டுப் புறப்பட்டன என்று பொறியில் எண்ணிக்கொள்வது, திரும்பிவந்தவற்றில் அந்தப் பருவத்தவை எத்தனை என்று கல்லில் பார்ப்பது. அதே சாக்ரமென்டோவின் கிளைகளான மில், டீர் ஓடைகளில் வசந்தகாலச் சினூக் மீன்களைப் பற்றி ஃப்ளோரா கோர்டோலியானி குழு 2021இல் வெளியிட்ட ஆய்வு இந்த வகை. அங்கே பெரும்பாலான குஞ்சுகள் வசந்தத்திலேயே இறங்கிவிடுகின்றன. சில மட்டும் கோடை முழுவதும் உயரமான குளிர் ஓடையில் தங்கி, மழைக்காலம் வந்தபின் இறங்குகின்றன. எண்ணிக்கையில் இவை சிறுபான்மை. ஆனால் வறட்சியும் கடல் வெப்பமும் சேர்ந்து தாக்கிய ஆண்டுகளில் திரும்பிவந்தவை பெரும்பாலும் இந்தத் தாமதக்காரர்கள். அவர்களுக்கு வேண்டியது கோடையிலும் குளிர்ந்திருக்கும் ஓடை. அப்படிப்பட்ட இடங்களை அணைகள் ஏற்கெனவே பெருமளவு அடைத்துவிட்டன. மிஞ்சியிருப்பதை வெப்பமாதல் சுருக்கிக்கொண்டிருக்கிறது.

மிக நீண்ட பயணம் எது?

நன்னீரில் என்றால் அமேசானின் டொராடோ கெளுத்தி. பிரேசிலில் டூராடா என்பார்கள். ஆண்டிஸ் மலையடிவாரத்தில் முட்டையிட்டு, குஞ்சுகள் வெள்ளத்தோடு இறங்கி அட்லாண்டிக் கரையோரக் கழிமுகம் வரை போய் வளர்ந்து, பெரிதானபின் மீண்டும் மலையை நோக்கி ஏறுகின்றன. போகவரச் சுமார் 11,600 கிலோமீட்டர். ஃபாப்ரிஸ் டுபோன்ஷெல் குழு 2016இல் இந்த மீனின் காதுக்கற்களை ஸ்ட்ரான்சியம் விகிதத்தால் படித்தபோது, மடெய்ரா ஆற்றின் மேல்பகுதியில் பிறந்த மீன்களில் பெரும்பாலானவை கழிமுகம் போய்விட்டுத் தாம் பிறந்த அதே மடெய்ராவுக்குத் திரும்பியிருந்தன. அமேசானில் கிளை ஆறுகளுக்குக் குறைவே இல்லை. ஆயினும் தேடிப் பிடித்துத் தன் ஆற்றுக்கே வந்திருக்கின்றன. அந்த மடெய்ராவின் குறுக்கேதான் சான்டோ அன்டோனியோ, ஜிராவ் என்ற இரண்டு பெரிய நீர்மின் அணைகள் எழும்பி, 2010களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கின. வேறு ஆற்றுக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பதைக் கல் காட்டிவிட்டது.

நம் பக்கத்து மீன் எதையாவது இப்படிப் பார்த்திருக்கிறார்களா?

கொடுவாவை. நம் கழிமுகங்களில் கிடைக்கும் கொடுவாவைத்தான் ஆஸ்திரேலியாவிலும் பப்புவா நியூகினியிலும் பாராமுண்டி என்கிறார்கள். உப்பு நீரில் பிறந்து, குஞ்சாக ஆற்றுக்குள் ஏறி, முதலில் ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன் இது. முட்டையிட மறுபடி உப்பு நீருக்கு இறங்க வேண்டும். பாடநூல் வழி அதுதான்.

பப்புவா நியூகினியின் ஃப்ளை ஆற்றில் டேவிட் மில்டனும் சைமன் செனரியும் 2005இல் கற்களைப் படித்தபோது, பாடநூலுக்கு அடங்காத மீன்கள் வெளிப்பட்டன. ஆற்றில் வளர்ந்த மீன்களில் பல, முட்டையிடும் பருவத்தில் கடலோரத்துக்கு இறங்கவே இல்லை. ஆற்றில் எத்தனை பெரிய மீன் இருக்கிறது என்று எண்ணி அவ்வளவும் அடுத்த தலைமுறையைத் தரும் என்று கணக்குப் போட்டிருந்தால் தவறியிருக்கும். வடக்கு ஆஸ்திரேலியாவிலோ, குஞ்சுப் பருவத்தில் ஆற்றுக்குள் போன கொடுவாக்கள், உப்பு நீரிலேயே தங்கியவற்றைவிட வேகமாக வளர்ந்தன என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. தமிழ்நாட்டில் சிறிய ஆறுகளின் முகத்துவாரங்கள் மணல் மூடிக் கிடக்கும் மாதங்களை நினைத்துப் பாருங்கள். அந்தக் கதவு எப்போது திறக்கிறது என்பது இந்த மீனின் வளர்ச்சியோடு தொடர்புடைய விஷயம்.

விலாங்கையும் சொல்லாமல் விடக் கூடாது. கடலில் பிறந்து ஆற்றில் வளரும் மீன் என்று நூற்றாண்டுக் கணக்காக எழுதப்பட்ட இனம். 1998இல் கட்சுமி சுகமோட்டோ குழு ஜப்பானிய, ஐரோப்பிய விலாங்குகளின் கல்லில் ஸ்ட்ரான்சியத்தைப் பார்த்தது. சிலவற்றின் கல்லில் நன்னீரின் சுவடே இல்லை; வாழ்நாள் முழுவதும் கடலிலேயே கழித்தவை அவை.

தாய் எங்கே இருந்தாள் என்பதுகூடத் தெரியும் என்கிறார்களே?

தெரியும். சால்மன் வகையில் முட்டையின் மஞ்சள் கரு தாய் கடலில் மேயும்போதே உருவாகிறது. குஞ்சின் கல் மையம் அந்த மஞ்சள் கருவைக் கொண்டு உருவாவதால் அதில் கடலின் ஸ்ட்ரான்சியம் இருக்கும். குஞ்சோ கடலைப் பார்த்ததே இல்லை. மஞ்சள் கரு தீர்ந்தபின்தான் ஆற்றின் எண்ணுக்கு இறங்கும். வானவில் டிரவுட் மீனில் சில கடலுக்குப் போகும், சில ஆற்றிலேயே இருந்துவிடும். ஒரு குஞ்சின் தாய் இந்த இரண்டில் எது என்பதை மையத்தைப் பார்த்துச் சொல்லலாம்.

எங்கே தவறு நடக்கிறது?

நீரை அளக்காமல் கல்லை மட்டும் அளப்பதில். ஸ்ட்ரான்சியம் கூடினால் கடல் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுகிறார்கள். ஸ்ட்ரான்சியம் மிகுந்த பாறை மேல் ஓடும் நன்னீரும் உலகில் உண்டு. அங்கே பிறந்த மீனைக் கடல்மீன் என்று சொல்லிவிடுவோம். முதலில் எல்லாப் பருவத்திலும் நீரை எடுத்து அளந்து ஒரு வரைபடம் போட வேண்டும். அந்த வரைபடம் இல்லாத ஆய்வை நான் பாதிக்கு மேல் நம்புவதில்லை. கலிபோர்னியாவிலேயே அமெரிக்கன் ஆற்றின் விகிதமும் கடலின் விகிதமும் மூன்றாம், நான்காம் தசம இடத்தில்தான் பிரிகின்றன. ஸ்ட்ரான்சியத்தின் மொத்த அளவையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஐயம் தீரும்: கடலுக்குப் போனதும் அது சட்டென்று எகிறும்.

இரண்டாவது, காலத் தாமதம். மீன் நீர் மாறிய அன்றே கல் மாறிவிடாது. புதிய நீரின் எண் முழுதாகப் பதிய நாட்கள், சில வேளை வாரங்கள் ஆகும். லேசர் புள்ளியும் ஒரே நேரத்தில் பல நாள் வளையங்களை விழுங்குகிறது. ஆகவே இரண்டு நாள் கடலுக்குப் போய்த் திரும்பிய மீனைப் பிடிக்க முடியாது.

மூன்றாவது, கல்லே மாறிப்போவது. பண்ணையில் வளர்த்த மீன்களில் அரகோனைட்டுக்குப் பதில் வாட்டரைட் என்ற வேறு படிகம் படிவது அதிகம். கண்ணாடிபோல் தெளிவாக, கரடுமுரடாக இருக்கும். அதில் ஸ்ட்ரான்சியம் மிகக் குறைவாகவே ஏறும். தெரியாமல் அளந்தால் மீன் திடீரென்று நன்னீருக்கு ஓடிவிட்டதுபோல் தெரியும்.

வெப்பத்தையும் கல் பதிவு செய்யுமா?

செய்யும். ஆக்சிஜனின் கனமான வகை குளிர்ந்த நீரில் கல்லுக்குள் கூடுதலாகப் படியும். அட்லாண்டிக்கின் நீலத்துடுப்புச் சூரை மத்தியதரைக் கடலில் பிறந்ததா, மெக்சிகோ வளைகுடாவில் பிறந்ததா என்று பிரிப்பதற்கு இதைப் பயன்படுத்துகிறார்கள். அலாஸ்காவின் பொரிப்பகங்களில், முட்டையும் குஞ்சும் இருக்கும் நீரின் வெப்பத்தைத் திட்டமிட்டு ஏற்றியும் இறக்கியும் கல்லில் பட்டைக்குறிபோல் கோடுகளைப் பதித்து விடுகிறார்கள். ஆண்டுகள் கழித்து அந்த மீன் பிடிபட்டால் எந்தப் பொரிப்பகத்தில் பிறந்தது என்று தெரிந்துவிடும்.

இதற்காக மீனைக் கொல்ல வேண்டுமா?

உயிருள்ள மீனிலிருந்து கல்லை எடுக்க வழியில்லை. ஆனால் பெரும்பாலும் இதற்கென்று கொல்ல வேண்டியதும் இல்லை. சினூக் முட்டையிட்டதும் தானே இறந்துவிடும். கரையில் ஒதுங்கிய உடலிலிருந்து கல் எடுக்கிறார்கள். மற்ற மீன்களுக்கு ஏலக் கூடமும் மீன் சந்தையும் இருக்கின்றன. வெட்டுபவர் ஒதுக்கும் தலை போதும். அரிய இனமாக இருந்தால், துடுப்பு முள்ளின் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு மீனை விட்டுவிடும் முறையும் உண்டு. காதுக்கல் அளவுக்கு அது நம்பகமானதல்ல. ஆனால் மீன் உயிரோடு போகும். அழியும் நிலையில் உள்ள இனத்தில் அந்த விலை கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

வீட்டில் ஒரு காதுக்கல்லைப் பார்க்க முடியுமா?

வேதியியலைப் பார்க்க முடியாது. வளையங்களைப் பார்க்க முடியும். சந்தையில் கத்தாழைத் தலை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அந்த மீனின் உடல் அளவுக்குக் கல் மிகப் பெரிது. குழம்பில் வெந்த தலையிலிருந்து எடுத்தாலும் பரவாயில்லை. சவ்வைப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி, ஓர் இரவு காயவிடுங்கள். பிறகு கல்லின் நடுவே ஒரு கோடு கீறி இரண்டாக உடையுங்கள். உடைந்த முகத்தை மெழுகுவர்த்திச் சுடரின் ஓரத்தில் இடுக்கியால் பிடித்து, இளம்பழுப்பு நிறம் வரும் வரை காட்டுங்கள். புரதம் மிகுந்த பட்டைகள் கருத்து, மற்றவை வெளிறித் தெரியும். மீன்வள ஆய்வாளர்கள் வயது பார்க்க இன்றும் கையாளும் முறை இது. ஆறவிட்டு ஒரு சொட்டு சமையல் எண்ணெய் தடவி, நல்ல வெளிச்சத்தில் கைலென்சால் பாருங்கள். வெப்பமண்டல மீன்களில் ஆண்டு வளையங்கள் குளிர்நாட்டு மீன்களைப்போல் பளிச்சென்று இருக்காது. முதல் கல்லில் தெரியாவிட்டால் இன்னொரு கல் மிச்சம் இருக்கிறது.